ஊட்டிக்கு செல்ஃப் டிரைவ் கார்ல போறோம், இ-பாஸ் பத்தி ஒரு டவுட்

வணக்கம் மக்களே, அம்மா அப்பாவோட கோயம்புத்தூர் வரைக்கும் ட்ரெயின்ல வந்து அங்கேர்ந்து வாடகைக்கு ஒரு கார் எடுத்து நானே ஓட்டிட்டு ஊட்டி போகலாம்னு பிளான். பிரச்சனை என்னன்னா ஊட்டிக்கு வண்டில போக ஆன்லைன்ல எடுக்கற இ-பாஸ்ல வண்டி நம்பர் கேக்குது, ஆனா வாடகைக்காரங்க சாவி குடுக்கும்போதுதான் நம்பர் தெரியும்ங்கறாங்க. அப்போ கல்லார் செக்போஸ்ட்ல நின்னு போன்லயே போட்டுக்கலாமா இல்ல திருப்பி அனுப்பிருவாங்களா? இப்படி போனவங்க யாராவது சொல்லுங்க.

அடுத்தது வண்டி. சின்ன ஹேட்ச்பேக்தான் பட்ஜெட்டுக்கு வருது, அஞ்சு பேரு லக்கேஜோட பர்லியார் தாண்டி குன்னூர் ஏத்தத்துல இழுக்குமா? ஏறுன கியர்லயே இறங்கணும்னு தெரியும், ஆனா ஆட்டோமேட்டிக் எடுத்தா இறக்கத்துல எப்படி பிரேக் சூடாகாம ஓட்டறது? எனக்கு மேனுவலே நிம்மதின்னு தோணுது, வீட்ல கேக்க மாட்டேங்கறாங்க 😅

தொட்டபெட்டா, பைக்காரா எல்லாம் லிஸ்ட்ல இருக்கு, ஆனா என் ஆசை கோத்தகிரி வழியா இறங்கி கோடநாடு வியூ பாயிண்ட் பாக்கறதுதான், கூட்டமும் கம்மி. ஊட்டிலேர்ந்து மசினகுடிக்கு நேரா இறங்கற கல்லட்டி ரோட்டு 36 வளைவுல வெளியூர் வண்டிய கீழ இறங்க விடமாட்டாங்க, அதனால மசினகுடி போனா கூடலூர் சுத்திதான், அப்பாவுக்கு அவ்ளோ நேரம் உக்காந்தா முதுகு வலிக்கும், அதுக்கு வொர்த்தா?

டவுனுக்குள்ள சேரிங் கிராஸ் பக்கம் தங்கினா பார்க்கிங் கிடைக்குமா, இல்ல ஃபர்ன்ஹில் மாதிரி தள்ளி ரூம் போடறது பெட்டரா? பார்க்கிங் இருக்கற சிம்பிளான இடம் தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க.