சக்கர நாற்காலியில் இருந்தபடி தொல்லியல் படிக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் தொல்லியல் படிக்க ஆசை. களப்பயிற்சி உண்டாம், குழிக்குள் என்னால் இறங்க முடியாதே, விட்டுவிடவா?

பதில் 1: விட்டுடாதீங்க. அகழாய்வு என்றால் தோண்டுவது மட்டும் இல்லை. பானை ஓடுகளைக் கழுவிப் பிரித்து எண் போடுவது, மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கருகிய விதைகளை மிதக்கவைத்து எடுப்பது, வரைவது என்று எவ்வளவோ வேலை குழிக்கு வெளியே, பெரும்பாலும் உட்கார்ந்தே நடக்கிறது. குழியைவிட அங்கேதான் கண்டுபிடிப்பு அதிகம் என்பேன்.

பதில் 2: ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ தெரியுமா? காயம்பட்ட பிரிட்டிஷ் ராணுவ வீரர்களுக்காக 2011இல் தொடங்கிய தொல்லியல் திட்டம். இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிலோ-சாக்சன் மக்களின் கல்லறைகளை அவர்களே அகழ்ந்தார்கள்.

பதில் 3: சரி, சேரும் முன்பே துறைக்கு எழுதிக் கேளுங்கள் சகோ. களத்துக்குப் பாதை எப்படி, கழிப்பறை எங்கே, எல்லாமே. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றங்கள் செய்துதர வேண்டியது அவர்கள் கடமை, சலுகை இல்லை.