நம்ம குடும்பம் குழு: அம்மா சிரிச்ச போட்டோ எங்கே?

[மாலை 6:12] சந்திரா: எல்லாரும் பாருங்க. ஞாயித்துக்கிழமைக்கு அம்மா படம் பெரிசா போடணும். பிரிண்ட் போடுறவர் நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள ஃபைல் வேணும்னு சொல்லிட்டார்

[6:13] லதா: எந்தப் படம்க்கா

[6:14] சந்திரா: அப்பாவோட எழுபதாவது பிறந்தநாள்ல நீலப் புடவைல சிரிச்சுக்கிட்டு நிப்பாங்களே, அது

[6:14] லதா: ஆமா அதான். அடையாள அட்டைல இருக்கிறதை எடுத்துப் போட்டுறாதீங்க. அதுல அம்மா யாரையோ திட்டப் போற மாதிரி இருப்பாங்க

[6:15] திவ்யா: என் போன்ல இருக்கு இருங்க

[6:17] திவ்யா: 📷 போட்டோ

[6:19] கார்த்தி: இதை பெரிசாக்கினா முகம் கட்டம் கட்டமா உடையுது திவ்யா

[6:24] முரளி: அது உடையத்தான் செய்யும். ஃபைல் பேரைப் பாருங்க, ஐஎம்ஜி-20190512-டபிள்யூஏ0003. நடுவுல இருக்கிற எட்டு எண் அந்தப் படம் வாட்ஸ்அப்புல வந்த நாள், எடுத்த நாள் இல்லை. வாட்ஸ்அப் சாதாரணமா அனுப்பும்போது நீளப் பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறைச்சிடும். நல்ல பிரிண்டுக்கு ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல் வேணும். 1600ஐ 300ஆல வகுத்தா அஞ்சே கால் இன்ச் சொச்சம். அவ்வளவுதான் வரும். எடுத்த தேதி, எந்த கேமரா எல்லாம் எக்ஸிஃப்னு படத்துக்குள்ளயே பதிஞ்சிருக்கும், அதையும் வாட்ஸ்அப் துடைச்சிடும். அதனால மூலப் படம் வேணும். அது அப்பாவோட பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்கும்

[6:25] திவ்யா: சரி மாமா

[6:26] லதா: அந்தக் கம்ப்யூட்டர் இப்ப யார் வீட்டுல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

[6:26] சந்திரா: லதா, இப்ப வேண்டாம்

[6:31] கார்த்தி: நம்ம வீட்டுலதான் இருக்கு அத்தை. ஆன் பண்ணிட்டேன். படங்கள் ஃபோல்டர்ல மட்டும் நாப்பதாயிரத்துக்கு மேல காட்டுது

[6:32] ப்ரியா: போன்ல மாதிரி மூஞ்சிய வச்சுத் தேட முடியாதா

[6:36] முரளி: முடியும்மா. ஆனா கூகுள் போட்டோஸ்ல அதெல்லாம் ஏத்தணும், அதுக்கப்புறம் அது முகம் பிரிக்கணும். நாளைக்குக் காலைக்குள்ள ஆகாது. கம்ப்யூட்டர்லயே முகம் தேடுற டிஜிகேம்னு இலவச மென்பொருள் இருக்கு, அதுவும் முதல்ல எல்லாப் படத்தையும் ஒரு சுற்று படிச்சாகணும். கார்த்தி, நமக்கு வருஷம் தெரியும், 2011. படங்கள் ஃபோல்டரைத் திற. வலது மேல் மூலைல இருக்கிற தேடல் பெட்டில டேட்டேக்கன்னு ஆங்கிலத்துல ஒரே சொல்லா அடி, நடுவுல இடம் விடாதே. ஒரு கோலன் வை, ஒட்டி 2011 போடு. எடுத்த தேதி 2011னு பதிஞ்சதெல்லாம் மட்டும் வந்து நிக்கும். ஃபைலை மாத்தின தேதிய நம்பாதே, அது வேற

[6:44] கார்த்தி: வருது சித்தப்பா. ஆனா பிறந்தநாள் படம் ஒண்ணுகூட இல்லை. முழுக்க ப்ரியா படம்தான்

[6:45] கார்த்தி: 📷 போட்டோ

[6:45] திவ்யா: ஐயோ அந்தக் கிராப்பு 😂😂

[6:46] ப்ரியா: டேய் அழி அதை

[6:46] திவ்யா: நான் சேமிச்சுட்டேன்

[6:47] சந்திரா: பேன் பார்க்க முடியலைன்னு அம்மாதான் உக்கார வச்சு வெட்டினாங்க. வெட்டிட்டு அவங்களே அழுதாங்க

[6:48] லதா: அந்தக் கத்திரிக்கோல் இன்னும் என்கிட்ட இருக்கு

[6:51] முரளி: பிறந்தநாளுக்குப் படம் எடுத்தது யார் கேமரா?

[6:58] சந்திரா: யாராவது சொல்லுங்களேன்

[6:59] லதா: என் வீட்டுக்காரர் கேமரா. பேர் சொல்ல என்ன தயக்கம் எல்லாருக்கும்

[7:03] முரளி: சரிம்மா. பாஸ்கர் கேமரால பேட்டரி கழட்டி மாட்டினா தேதி பழையபடி போயிடும், ஞாபகம் இருக்கு. யாரும் திருத்தலைன்னா அது தன் இஷ்டத்துக்கு ஒரு ஜனவரி 1லேருந்து எண்ண ஆரம்பிச்சிடும். அதனாலதான் 2011ல சிக்கலை. இப்ப தேதிய விட்டுரு கார்த்தி. தேடல் பெட்டில ஸ்டார் டாட் ஜேபிஜி போடு, எல்லாப் படமும் வரட்டும். வியூல டீட்டெய்ல்ஸ் வை. மேல தலைப்பு வரிசைல வலது கிளிக் பண்ணி மோர் போனா கேமரா மாடல்னு ஒண்ணு இருக்கும், டிக் பண்ணு. அந்தத் தலைப்பை அமுக்கினா கேமரா வாரியா அடுக்கிடும். வாட்ஸ்அப்புல வந்ததுக்கெல்லாம் அந்தக் கட்டம் காலியா இருக்கும், அதெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிடும். அதுவே பாதி வேலை

[7:04] ராஜன்: 👍

[7:05] லதா: அட, அண்ணன் இருக்காரா குழுல

[7:21] கார்த்தி: சுத்திக்கிட்டே இருக்கு

[7:22] சந்திரா: என் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் பண்றேன்னு வாங்கிட்டுப் போனீங்களே, அது என்னாச்சு

[7:22] சந்திரா: சும்மா கேட்டேன்

[7:23] திவ்யா: அம்மா 🙏

[7:25] முரளி: அக்கா அது ஸ்கேன் பண்ணியாச்சு. ஆனா ஸ்கேன் பண்ணின தேதிதான் அதுல இருக்கும், கல்யாணத் தேதி கையாலதான் போடணும். ஆல்பம் பத்திரமா இருக்கு

[7:25] சந்திரா: பத்திரமா *எங்க* இருக்கு

[7:38] கார்த்தி: சித்தப்பா கிடைச்சிடுச்சு!! எல்லாம் 2008 ஜனவரி 1னு இருக்கு. கேக் வெட்டுறது, தாத்தா தொப்பி போட்டுக்கிட்டது, எல்லாம் ஒரே வரிசையா

[7:38] லதா: 😭😭

[7:39] திவ்யா: சூப்பர்டா

[7:41] கார்த்தி: பாட்டி படமும் இருக்கு. ஆனா மத்ததெல்லாம் 4000க்கு 3000 பிக்சல், இது மட்டும் 1200க்கு 1500

[7:42] கார்த்தி: 📷 போட்டோ

[7:44] திவ்யா: தோள்ல இருக்கிற கை யாரோடது?

[7:45] ப்ரியா: நாலு விரல் மட்டும் தெரியுது. மோதிரம் போட்டிருக்கு

[7:52] முரளி: இது வெட்டின படம். பிக்காசான்னு கூகுளோட பழைய போட்டோ மென்பொருள்ல வெட்டிச் சேமிச்சிருக்காங்க, மாத்தின தேதி 2014னு இருக்கும் பாரு. இன்னொண்ணு சொல்றேன், கவனமாக் கேளு. பிக்காசாவை கூகுள் 2016லயே நிறுத்திடுச்சு, ஆனா அதுல ஒரு நல்ல குணம் உண்டு. நாம வெட்டிச் சேமிச்சா மூலப் படத்தை அழிக்காது. அதே ஃபோல்டருக்குள்ள புள்ளி வச்சு பிக்காசாஒரிஜினல்ஸ்னு மறைவான ஃபோல்டர் ஒண்ணு போட்டு அதுல வச்சிடும். வியூல போய் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் பண்ணு, மங்கலாத் தெரியும்

[7:53] கார்த்தி: ஆமா 2014 மார்ச்

[7:53] லதா: 2014

[7:54] லதா: சரி

[8:02] சந்திரா: கார்த்தி கிடைச்சுதா

[8:06] கார்த்தி: கிடைச்சுது பெரியத்தை. முழுசா இருக்கு

[8:06] கார்த்தி: 📷 போட்டோ

[8:08] திவ்யா: பாஸ்கர் சித்தப்பா!!

[8:09] ப்ரியா: பாட்டி அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க. கேமராவைப் பார்த்து இல்லை

[8:10] லதா: கேமராவை டைமர்ல வச்சுட்டு ஓடி வந்து பக்கத்துல நின்னார். மூச்சு வாங்கிச்சு. மாப்பிள்ளை உங்க தொப்பை படத்துல வராதான்னு அம்மா கேட்டாங்க. அந்தச் சிரிப்புதான் இது

[8:11] சந்திரா: அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க

[8:15] முரளி: அளவைச் சொல்லிடறேன். முழுப் படம் 4000க்கு 3000, 300 கணக்குல 13 இன்ச்சுக்கு 10 இன்ச் துல்லியமா வரும். அம்மா மட்டும்னா 1200க்கு 1500தான், 4க்கு 5 இன்ச்சு. மூலப் படத்துலேருந்து திரும்ப வெட்டினாலும் அதே பிக்சல்தான், அதிகமாகாது. சுவத்துல மாட்டித் தள்ளி நின்னு பார்க்கிற படத்துக்கு 150 போதும், அப்ப 8க்கு 10 வரைக்கும் போகலாம், கூர்மை கொஞ்சம் குறைவா இருக்கும். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க

[8:16] லதா: எனக்கு எதுவும் சொல்றதுக்கில்லை

[8:17] திவ்யா: முழுசாவே போடலாமே. அழகா இருக்கு

[8:18] சந்திரா: அம்மா படம்னா அம்மா மட்டும் இருக்கணும்னு ஆளுங்க சொல்லுவாங்க

[8:18] திவ்யா: எந்த ஆளுங்க மா

[8:24] ராஜன்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[8:25] சந்திரா: ராஜா என்ன எழுதி அழிச்சே

[8:31] சந்திரா: போனை எடுடா

[8:40] முரளி: இடையில ஒரு விஷயம். கார்த்தி, அந்த ஃபோல்டரை மறைவா இருக்கிறதையும் சேர்த்து வெளி டிஸ்க் ஒண்ணுல அப்படியே பிரதி எடு. கட் பண்ணி ஒட்டாதே, காப்பி மட்டும். அந்த கம்ப்யூட்டர் எத்தனை நாள் ஓடும்னு தெரியாது. அம்மா சிரிச்ச படம் அது ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு

[8:41] கார்த்தி: எடுக்கிறேன் சித்தப்பா

[8:52] ராஜன்: லதா, பாஸ்கர் ஞாயித்துக்கிழமை வர்றாரா

[8:53] லதா: யாராவது கூப்பிட்டாத்தானே

[8:55] சந்திரா: நான் கூப்பிடுறேன்

[8:55] லதா: நீ கூப்பிட்டு வர்றதா இருந்தா எப்பவோ வந்திருப்பார்க்கா

[9:04] ராஜன்: நம்பர் அதேதானே

[9:05] லதா: அதேதான்

[9:20] கார்த்தி: அப்ப நாளைக்கு எந்த ஃபைல் அனுப்பட்டும்? யாராவது சொல்லுங்க

[9:21] முரளி: ரெண்டையும் அனுப்பு. ஆனா போட்டோவா அனுப்பாதே, டாக்குமெண்ட்டா அனுப்பு. அப்பதான் அளவு குறையாம போகும்

[9:22] சந்திரா: ராஜா பேசிட்டு வரட்டும். காலைல சொல்றோம்

[9:23] ப்ரியா: திவ்யா அந்தக் கிராப்பு படத்தை அழிச்சிட்டியா

[9:24] திவ்யா: டிஸ்க்லயும் பிரதி இருக்காம் 😌