பாளையங்கோட்டை ஃபங்க் (ஆட வைக்கிற தாள இசை) கச்சேரி: பின்னால பேஸ் (தாழ்ந்த ஒலி) ஏன் குழம்புச்சு?

கேள்வி: அண்ணாச்சிமாரே, முன்வரிசைல பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் (காலால அடிக்கிற பெரிய டிரம்) ஒட்டிப்பிடிச்சு அடிச்சுது, அருமை! மைதானத்துக்குப் பின்னால வெறும் கும்முன்னு இரைச்சல். கைதட்டலும் தாளத்தோட சேரல. ஏன்?

பதில் 1: சப் ஊஃபரை (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) மேடையோட ரெண்டு ஓரத்துலயும் பிரிச்சு வச்சதுதான் காரணம். 60 ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு 60 அதிர்வு, தாழ்ந்த ஒலி) ரெண்டு பக்கத்துத் தூரமும் 3 மீட்டர் போல வித்தியாசப்பட்டாலே ஒண்ணை ஒண்ணு அடிச்சுரும். அதான் ஒரு இடத்துல அதிருது, நாலு எட்டு தள்ளி செத்துப் போகுது. எல்லாத்தையும் மேடைக்கு முன்னால நடுவுல ஒண்ணா அடுக்கணும். பாட்டு மைக், டிரம்பெட் மைக்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிவிடணும். இரைச்சல் அங்கருந்தும் வரும்.

பதில் 2: கைதட்டலுக்குக் காரணம் தூரம். 35 மீட்டர் கடக்க ஒலிக்கு 0.1 நொடி ஆகும். பின்னால தட்டுறது மேடைக்குத் திரும்பி வர, போக வர மொத்தம் 0.2 நொடி. டிரம்மர் அதைக் கேட்டு வாசிச்சா வேகம் இறங்கும். மானிட்டர்ல (வாசிக்கிறவங்க கேக்குற மேடை ஸ்பீக்கர்) ஹை-ஹேட்டை (ஜோடித் தாளத்தட்டு) கூட்டி வைக்கணும்.

பதில் 3: அந்த டிரம்மர் இறங்கவே இல்லையே! ஸ்னேர் டிரம்ல (கணீர்னு ஒலிக்கிற சின்ன டிரம்) பூப்போல விழுந்த சின்ன அடிகளைக் கவனிச்சீங்களா? ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வழியில ஒவ்வொரு தாளச் சுத்துலயும் முதல் அடிக்குத்தான் முழு பலம். பேஸ்காரர் கட்டைவிரலால அதை அறைஞ்சிட்டு அடுத்த இடத்தை வெறுமனே விட்டாரு. ஆட வைக்கிறது அந்த இடைவெளிதான்.