எலுமிச்சை இலை சிறுத்தது ஹார்மோனாலா, துத்தநாகத்தாலா?

தொட்டிச் செடி வளராமல் நின்றுவிட்டால் போதும், ஆளாளுக்கு ஒரு வளர்ச்சி ஊக்கி பாட்டிலைச் சொல்வார்கள். என் எலுமிச்சைக்கும் சொன்னார்கள். நான் முதலில் துளிரைத்தான் பார்த்தேன். புது இலைகள் விரல்நகம் அளவுக்குச் சிறுத்து நிமிர்ந்து நின்றன, நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் வெளிறிய மஞ்சள், கணுக்கள் நெருங்கிப்போய் நுனியில் இலைகள் கொத்தாகக் குவிந்திருந்தன. அடி இலைகளுக்கு ஒன்றுமில்லை. துத்தநாகப் பற்றாக்குறைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

தண்டு நீள்வதற்கும் இலை விரிவதற்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வேண்டும், துத்தநாகம் குறைந்தால் செடியில் அந்த ஆக்சினே குறைந்துவிடும். 1940-லேயே தாவர உடலியல் ஆய்வாளர் ஃபோல்கே ஸ்கூக் இதைக் காட்டிவிட்டார்: அறிகுறி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஆக்சின் சரிகிறது, துத்தநாகம் கொடுத்தால் முதலில் ஆக்சின் ஏறி, அப்புறம்தான் வளர்ச்சி.

லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், இலை கருகாமலிருக்க அதில் பாதி எடை நீர்த்த சுண்ணாம்பு, வடிகட்டி மாலையில் தெளித்தேன். அடுத்த துளிர் சரியான அளவில் வந்தது. சிறுத்துப்போன பழைய இலை பெரிதாகாது, அதைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். காரத்தன்மை மிகுந்த மண்ணானாலும், பாஸ்பரஸ் உரத்தை அள்ளிப் போட்டாலும், மண்ணில் துத்தநாகம் இருந்தும் செடிக்குக் கிடைக்காது.

*

எனக்கு சூரியகாந்தியில் வேறு கதை. நுனிக்குருத்து தடித்து உருக்குலைந்து கருகியது, கீழே யாரோ கிள்ளிவிட்ட மாதிரி பக்கக் கிளைகள் கிளம்பின. போரான் பற்றாக்குறை. நுனி செத்தால் அங்கிருந்து இறங்கி பக்க மொட்டுகளை அடக்கிவைக்கும் ஆக்சின் நின்றுவிடும், தூங்கிக்கொண்டிருந்த அந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஆனால் போரானில் தாராளம் காட்டக் கூடாது, தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு.

*

கிளை பற்றிப் பேச்சு வந்ததால் நெல்லையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்பரஸ் குறைந்த வயலில் பயிர் கரும்பச்சையாக, விறைப்பாக நிற்கும், பார்க்க ஆரோக்கியம் போலவே இருக்கும், அடியிலிருந்து கிளைக்கும் தூர் மட்டும் கட்டாது. அந்தப் பசியில் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது, அது மேலே தூர் மொட்டுகளை அடக்குகிறது. அதில் வேர்வழியே மண்ணுக்குள் கசிவது பாஸ்பரஸ் கொண்டுவரும் வேர்ப்பூஞ்சைக்கு அழைப்பு. சோளக்காட்டில் அதே அழைப்பைக் கேட்டு சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையும் முளைத்துத் தொலைக்கும்.