ஆர்டிஏ டேங்க் கழுவினாப் பிறகும் பழைய வாசம், கீழால ஒழுகல்: எங்க பிழை?

ஈரப்பஞ்சு (லண்டன்):

வணக்கம். இ-சிகரெட்டுக்குப் பாவிக்கிற 24 மி.மீ ஆர்டிஏ (காயிலையும் பஞ்சையும் நாங்களே பூட்டுற டேங்க்), ஒற்றைக் காயில் (லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்கிற கம்பிச் சுருள்), காற்றுத் துளை கீழ்ப்பக்கம், 2 மில்லி கொள்ளும். கம்பி 26 கேஜ் காந்தல் (Kanthal எண்ட கலப்புலோகம்), 3 மி.மீ உள்விட்டத்தில 6 சுற்று, புதுசா சுத்தினபோது 0.86 ஓம். லிக்விட் 70 சதவீதம் விஜி (வெஜிடபிள் கிளிசரின்), 30 சதவீதம் பிஜி (புரொப்பிலீன் கிளைக்கோல்).

முன்னம் பெருஞ்சீரக வாசமுள்ள லிக்விட் ஊத்தினது. இப்ப மாம்பழத்துக்கு மாத்திறதுக்காக முழுசாக் கழட்டினன். கெட்டில் தண்ணியில சவர்க்காரம் ரெண்டு சொட்டு விட்டு ஊறப்போட்டு, பிறகு எல்லாத்தையும் ஓ-ரிங்கோட (கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்) சேர்த்து ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில ஒரு இரவு விட்டன். காயிலை மட்டும் சுட்டு எடுத்து அதையே திருப்பிப் பூட்டினன், பஞ்சு புதுசு.

இப்ப பெருஞ்சீரகம் போகேல்ல. காற்றுத் துளையால லிக்விட் கசியுது, முன்னம் அப்பிடி இல்லை. மோட் (டேங்க் பூட்டுற பேட்டரிப் பெட்டி) ஒருக்கா 0.86 எண்டு காட்டுது, ஒருக்கா 1.1 எண்டு காட்டுது. காய்ஞ்ச பிறகு கண்ணாடியிலயும் டெக்கிலயும் (காயில் பூட்டுற தட்டு) வெள்ளைப் புள்ளி வேற. ட்ரிப் டிப் (வாய் வைக்கிற முனை) அக்ரிலிக், அதில மயிர் மாதிரி கோடு விழுந்திருக்கு. எங்க பிழை விட்டன்?

திருகாணி (கிள்ளான்):

கோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது இனி சரியாகாது. அக்ரிலிக்குக்கும் ஆல்கஹாலுக்கும் ஆகவே ஆகாது. உள்ளுக்குள்ளேயே வெடிப்பு ஓடும். ட்ரிப் டிப்பை மாற்றிவிடுங்கள். ஐசோப்ரொபைல் எஃகுக்கும் கண்ணாடிக்கும் மட்டும். பிளாஸ்டிக் எதுவாக இருந்தாலும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலிகார்பனேட் டேங்காக இருந்தால் இலவங்கப்பட்டை, எலுமிச்சை வாசனை லிக்விட்டே அதை வெடிக்க வைக்கும்.

பெருஞ்சீரகம் போகாததற்கு இரண்டு இடம். ஒன்று ஓ-ரிங். சிலிக்கோன் வளையம் பெருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மெந்தால் மூன்றையும் குடித்துவிடும், எத்தனை தடவை கழுவினாலும் திருப்பித் தராது. வளையத்தை மட்டும் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். முழு செட்டையும் மாற்றுவதுதான் வழி. பழையதைத் தூக்கிப் போடாமல் தனி டப்பியில் வைத்து, மறுபடி பெருஞ்சீரகம் ஊற்றும்போது மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது இடத்தை முக்கால்வாசிப் பேர் திறப்பதே இல்லை: டெக்கின் அடியில் இருக்கும் பாசிட்டிவ் பின். மோடில் பூட்டும் 510 மரையின் நடுவில் தெரியும் திருகு அது. அதைக் கழற்றினால் மேலே பாசிட்டிவ் போஸ்ட்டும், அதைச் சுற்றி மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் பீக் (PEEK) பிளாஸ்டிக் இன்சுலேட்டரும் தனியாக வரும். கழற்றும்போது மேலே போஸ்ட்டை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து சுற்றி இன்சுலேட்டரின் காடியை அரைத்துவிடும். பல மாத லிக்விட் அந்த இடுக்கில்தான் தேங்கி நிற்கும். நீங்கள் கழுவிய தண்ணீரும் அங்கேதான் நிற்கிறது.

கழுவும் முறை: காயில், பஞ்சு எல்லாம் எடுத்துவிட்டு, வளையங்களைக் கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எது எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று. வளையங்களுக்குத் தனிக் கிண்ணம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போதும். எஃகு பாகங்களுக்குக் கை பொறுக்கும் சூடு, அதாவது 50 டிகிரிக்குள், 15 நிமிடம். கொதிநீர் வேண்டாம், சூடான கண்ணாடியைக் குளிர்ந்த குழாயடியில் காட்டினால் கீறல் விடும். பழைய டூத்பிரஷ் மரைக்கு. பல் இடுக்கு சுத்தம் செய்யும் குட்டி பிரஷ், ஆவி மேலே ஏறும் குழாயான சிம்னிக்கும் காற்றுத் துளைக்கும். ஊசி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதானால் இழுப்பே மாறிவிடும். மூன்று முறை அலசி, எஃகை மட்டும் ஐசோப்ரொபைலில் ஒரு முக்கு முக்கி எடுத்து, காற்றோட்டத்தில் ஒரு இரவு. ஆல்கஹால் முழுதாகப் பறக்காமல் காயிலைச் சுடக் கூடாது, தீப்பிடிக்கும்.

திரும்பப் பூட்டும்போது பின் அடிமரையை விடக் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் மோட் "அட்டமைசர் இல்லை" என்று சொல்லும், அத்தோடு போயிற்று. அதையே ஹைப்ரிட் மெக்கானிக்கல் மோடில் (பேட்டரி நேராகப் பின்னைத் தொடும், பாதுகாப்புச் சுற்று இல்லாத மோடு) வைத்தால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், விளையாட்டில்லை.

பஞ்சுமூட்டை:

1.1 கதைக்கு வாறன். காந்தல் கம்பி சூடானாலும் ஓம் பெரிசா ஏறாது, செக்கச்செவேலெண்டு எரியும்போது கூட நாலு சதவீதமளவுதான். அதால 0.86 இலிருந்து 1.1க்குத் துள்ளுதெண்டால் கம்பியில பிழை இல்லை, தொடுப்பில பிழை. எஃகுக் கம்பியெண்டால் சூட்டோட ஏறுது எண்டு சொல்லலாம், இதில அந்தச் சாட்டுச் செல்லாது.

சுடேக்க கம்பிக் கால் விரிஞ்சு சுருங்கும், திருகு இளகும். ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும், ஆறின பிறகு, ரெண்டு திருகையும் ஒருக்கா இறுக்கோணும். கம்பி நசுங்கி அறுகிற அளவுக்கு இல்லை; பிடிச்சு நிண்டால் போதும். திருகுத் தலைக்குச் சரியான அளவு ட்ரைவர் பாவியுங்கோ, தலை வழுக்கினால் பிறகு அழவேண்டியதுதான். அதோட திருகாணி சொன்ன பின்னுக்குக் கீழ ஈரமும், மோடின்ர 510 குழியில காய்ஞ்ச லிக்விட்டும் இதே கூத்தைத்தான் காட்டும். குழியை ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால துடையுங்கோ, பேட்டரியைக் கழட்டி வைச்சிட்டு.

சுடுறது: டேங்க், கண்ணாடி எல்லாம் கழட்டி, டெக் மட்டும் மோடில. பஞ்சு இல்லாமல் 10 - 12 வாட்டில ரெண்டு செக்கன் அழுத்து, விடு, திரும்ப அழுத்து. நடுவிலயிருந்து மங்கின சிவப்பு பரவோணும். கறுப்பு ஓடு சாம்பலாப் போனவுடனே நிப்பாட்டி, முழுசா ஆறவிட்டு, மோடில இருந்து கழட்டி, தண்ணிக்குக் கீழ பிரஷால தேய்க்கிறது. செஞ்சூட்டில தண்ணி ஊத்தாதேங்கோ, கம்பி முறுகும். நிக்கல், டைட்டானியம் கம்பியை ஒருக்காலும் இப்பிடிச் சுடக் கூடாது, அதைப் புதுசா மாத்திறதுதான். கம்பிக்குப் பேரே காந்தல், வாயில காந்தல் ருசி வந்தால் அதைக் குறை சொல்லாதேங்கோ. பெரும்பாலும் அது பஞ்சு கருகினது. இனிப்பு லிக்விட்டில உள்ள சுக்ரலோஸ் ஆவியாகாது, காயிலில பாகு மாதிரி ஒட்டிக் கரியாகும். மாம்பழம் எண்டபடியால் நாலைஞ்சு நாளுக்கொருக்கா பஞ்சு மாத்த ஆயத்தமா இருங்கோ.

கசிவு பஞ்சில தொடங்குது. காயிலுக்குள்ள பஞ்சை இழுத்தால் மெல்லிசா உரசிக்கொண்டு வரோணும், ஆனால் காயில் வளையக் கூடாது. ரெண்டு வாலையும் டெக்கின்ர வெளி விளிம்புக்கு நேரா வெட்டி, ட்வீஸரால வாலைக் கோதி மூண்டில ஒரு பங்கை உருவி எடுத்து, லிக்விட் வாய்க்காலுக்க அடி தொட மெதுவாப் படுக்க வையுங்கோ. வாய்க்கால் முழுக்க மூடியிருக்கோணும், ஆனால் இறுக்கி அடைச்சிருக்கக் கூடாது. இடைவெளி விட்டால் ஒழுகும், அடைச்சால் காய்ஞ்சு கருகும். பூட்ட முதல் பஞ்சை லிக்விட்டால நனைச்சு, ரெண்டு தரம் 8 வாட்டில அழுத்திப் பாத்து, ஊறினாப் பிறகு மூடுங்கோ.

ஊத்துறதிலயும் பிழை வரும். மூடியைத் திருகேக்க உள்ள காத்து அமுங்கி லிக்விட்டைக் கீழ தள்ளும். ஜூஸ் கன்ட்ரோல் (லிக்விட் வாய்க்காலைத் திறந்து மூடுற அமைப்பு) இருந்தால் முதல்ல அதை மூடிப்போட்டு ஊத்தி, மேல 2 மி.மீ இடம் விட்டு, மூடியைப் பூட்டி, தலைகீழாத் திருப்பி வைச்சு கன்ட்ரோலைத் திறந்து, பிறகு நிமித்துங்கோ. அஞ்சு நிமிசம் டிஷ்யூ மேல நிக்க விட்டு, டிஷ்யூ காய்ஞ்சிருந்தால் மட்டும் மோடில பூட்டுறது.

ஒரு இரவு ஆல்கஹாலில கிடந்த ஓ-ரிங் ஊதி, பள்ளத்துக்க இராமல் நெளிஞ்சு நிக்கும். கண்ணாடியைப் பூட்டேக்க அது மடிஞ்சு வெட்டுப்படும். அடிக் கண்ணாடி வளையத்தை ஒருக்கா வடிவாப் பாருங்கோ.

சுண்ணாம்புக்கல்:

வெள்ளைப் புள்ளி அழுக்கில்லை. லண்டன் தண்ணீர் கடினநீர், சுண்ணாம்பு படிகிறது. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, கண்ணாடியும் எஃகும் ஐந்து நிமிடம். பித்தளையும் தங்க முலாமும் அதில் படக்கூடாது. அடுத்த தடவை கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்தால் புள்ளியே வராது. அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தாலும் அதே தண்ணீர்தான், ஒரு சொட்டு சோப்பு, மூன்று நிமிட ஓட்டம் இரண்டு. பெயின்ட் அடித்த டேங்கையும் வளையங்களையும் அதில் போடாதீர்கள். வாசம் போக பேக்கிங் சோடா என்று சிலர் சொல்வார்கள். எஃகுக்குச் சரி, வண்ண அலுமினிய வளையத்தின் நிறம் மங்கும்.

கழுவிய முதல் தண்ணீரில் நிக்கோட்டின் இருக்கும். சமையல் பாத்திரத்தில் வேண்டாம். பழைய பஞ்சைப் பொதிந்து, குழந்தையோ நாயோ எடுக்காத இடத்தில் போடுங்கள்.

ஈரப்பஞ்சு:

பின்னைக் கழட்டினன். இன்சுலேட்டருக்குக் கீழ பனங்கட்டிப் பாகு மாதிரி மண்ணிறமா ஒட்டிக்கொண்டிருந்தது, பெருஞ்சீரக வாசம் அதிலதான் தூக்கலா அடிச்சுது. அடி வளையத்தில நகம் பட்ட மாதிரி ஒரு வெட்டு. ரெண்டு திருகில ஒண்டு அரைச் சுற்று இளகி இருந்தது. புது வளையம் பள்ளத்துக்க போக மறுக்குது, வாஸ்லீன் பூசலாமோ?

திருகாணி:

வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லி எதுவும் டேங்குக்குள் போகக் கூடாது; சூட்டில் இளகி ஆவியோடு நுரையீரலுக்குப் போகும், எண்ணெய் அங்கே கரைவதில்லை. சமையல் எண்ணெயும் அதே கதைதான். விஜி ஒரு சொட்டு, இல்லையென்றால் நீங்கள் ஊற்றப்போகும் லிக்விட்டையே விரலில் தொட்டு வளையத்தில் தடவுங்கள். கண்ணாடியை நேராக அழுத்தாமல் லேசாகச் சுற்றியபடி இறக்குங்கள், மடியாது. அப்படியும் பள்ளத்தை விட்டு மேடாக நின்றால் தடிமன் தவறான வளையம். உள்விட்டம் சரியாக இருந்தாலும் 1 மி.மீ தடிமனும் 1.5 மி.மீ தடிமனும் ஒன்றல்ல. பழையதை வெர்னியரில் அளந்து வாங்குங்கள்.

அரட்டைக்காவல் (மட்டுறுத்துநர்):

வளையம் எங்கே கிடைக்கும் என்று தனிமடலில் கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட்டும் அதன் பாகங்களும் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாமே தடை. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். அந்த ஊர்களுக்கு வாங்கல் விற்றல் பதிவு இங்கே கிடையாது. பயணம் போகிறவர்கள் டேங்கை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஈரப்பஞ்சு:

அளந்தன். பழையது 1 மி.மீ, வந்த பொதியில 1.5. மாத்தி எடுத்துப் பூட்டியாச்சு, விஜி தொட்டவுடனே வழுக்கிக்கொண்டு போய் உக்காந்திட்டுது. திருகு இறுக்கின பிறகு 0.87இல அசையாமல் நிக்குது. டிஷ்யூ காய்ஞ்சபடி.