பாதத்தைச் சூடாக்கும் 24 வோல்ட் பாய்: தெர்மோஸ்டாட் வேண்டுமா, வேண்டாமா?

மயூர்விஹார்_முரளி:
டெல்லி ஜனவரியில் எங்கள் வீட்டு மொசைக் தரையில் கால் வைக்க முடியாது. அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் உள்ளே கம்பி ஓடுகிற 230 வோல்ட் விரிப்பு ஒன்று வாங்கினோம். ஒருநாள் மடித்த ரஜாய் (பஞ்சுப் போர்வை) அதன் மேலேயே கிடந்துவிட்டது. அரைமணியில் கருகல் வாடை. தூக்கிப் பார்த்தால் உறையில் உள்ளங்கை அகலத்துக்கு, டீ கொட்டிக் காய்ந்ததுபோல் பழுப்பு. சூடு ஏறினால் கரண்டை அறுக்கும் தெர்மோஸ்டாட் கெடவில்லை, நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அது இருந்தது எதிர் மூலையில்.

இந்த முறை கால் வைத்துக்கொள்ள ஒரு சூடு பாயை நானே செய்கிறேன். கார்பன் கலந்த பாலிமர் ஃபிலிம், 60 × 40 செ.மீ., இரண்டு ஓரமும் வெள்ளி மைப் பட்டை, 24 வோல்ட். சூடு ஏறினால் அதன் மின்தடையும் ஏறி, தானே அடங்கிவிடும். தெர்மோஸ்டாட்டே தேவையில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய_ஒயர்மேன்:
வந்துவிட்டேன். கரோல் பாக் பக்கம் 32 வருடம் ஒயரிங் செய்தவன். தீப்பிடித்த வீடுகளில் நான் பார்த்தவரை ஹீட்டரைவிட அதிகம் எரிந்தது பிளக்கும் தளர்ந்த ஸ்க்ரூவும்தான். அதே வாட்டுக்கு வோல்டேஜைக் குறைத்தால் கரண்ட் ஏறும், ஸ்க்ரூ இன்னும் சீக்கிரம் சுடும். பத்துக்குப் பத்து அறைத் தரைக்குச் சதுர மீட்டருக்கு 150 வாட் வைத்தால் 1400 வாட் வருகிறது. 230 வோல்ட்டில் அது 6 ஆம்பியர், 24 வோல்ட்டில் 58 ஆம்பியர். வெல்டிங் கேபிள் இழுக்கப் போகிறீர்களா தம்பி? ஒழுங்காக எர்த் கொடுத்து, 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் சுவிட்ச்) போட்டு, 230லேயே ஓட்டுங்கள்.

மயூர்விஹார்_முரளி:
சார், நான் கேட்டது பாய், நீங்கள் அறையையே சூடாக்குகிறீர்கள். என்னுடையது கால் சதுர மீட்டர்கூட இல்லை. 36 வாட், ஒன்றரை ஆம்பியர். அம்மா ஈரக் காலோடு ஏறி நின்றாலும் ஷாக் கிடையாது.

பழைய_ஒயர்மேன்:
அந்த 24 வோல்ட் எங்கிருந்து வருகிறது? லஜ்பத் ராய் மார்க்கெட் அடாப்டரா? அதைத் திறந்து, 230 பக்கத்துக்கும் 24 பக்கத்துக்கும் நடுவே போர்டில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறான் என்று பாருங்கள். அந்தத் தடுப்பு போனால் 230 நேரே பாய்க்கு வரும். குறைந்த வோல்டேஜ் பாதுகாப்பு என்பது பாயில் இல்லை, அந்த டப்பாவுக்குள் இருக்கிறது.

மயூர்விஹார்_முரளி:
அது சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் இன்னொன்று: காலையில் போட்டவுடன் அடாப்டர் விளக்கு மினுக் மினுக் என்று அணைந்து அணைந்து எரிகிறது. மாலையில் அப்படி இல்லை.

பழைய_ஒயர்மேன்:
குளிர்ந்த பாய் எத்தனை ஓம்? அடாப்டர் எத்தனை ஆம்பியர்?

மயூர்விஹார்_முரளி:
காலை 8 டிகிரியில் 9 ஓம். அடாப்டர் 2 ஆம்பியர்.

பழைய_ஒயர்மேன்:
24ஐ 9ஆல் வகுங்கள். 2.7 ஆம்பியர் கேட்கிறது, டப்பா மூச்சுத்திணறுகிறது. இதுதான் உங்கள் அறிவாளி ஃபிலிம்.

பாலிமர்_பானு:
நொய்டாவில் பிளாஸ்டிக் கம்பவுண்டிங் வேலை பார்க்கிறேன். ஒயர்மேன் சார், அது ஃபிலிமின் குறை இல்லை, குணம். குளிரில் அதிகம் இழுக்கும், சூட்டில் குறைக்கும். 4 ஆம்பியர் சப்ளை போட்டால் முடிந்தது.

பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது. கார்பன் தூளை ஓர் அளவுக்கு மேல் பிசைந்தால் துகள்கள் தொட்டுத் தொட்டு வழி உண்டாகும். சூடேறி, பிளாஸ்டிக்கின் படிகப் பகுதி இளகும்போது அது உப்பும், துகள்கள் விலகும், வழி அறும். ரேகெம் கம்பெனி 1970களிலேயே குழாய்களில் தண்ணீர் உறையாமல் இருக்க இதே வித்தையில் கேபிள் விற்றது. முரளியின் பழைய விரிப்பில் ஒரே கம்பி, முழு நீளத்துக்கும் ஒரே கரண்ட். ரஜாய் மூடிய இடம் தனியாகச் சுடுவது அந்தக் கம்பிக்குத் தெரியாது. ஃபிலிமில் இரண்டு பட்டைக்கும் நடுவே ஒவ்வோர் அங்குலமும் தனி ஹீட்டர் மாதிரி. மூடிய இடம் மட்டும் அடங்கும், மற்றது தன்பாட்டுக்கு ஓடும். இதை எந்த தெர்மோஸ்டாட்டும் செய்யாது.

ஜனக்புரி_வாசகன்:
கடத்தும் பாலிமருக்கு 2000இல் நோபல் கொடுத்தார்களே, அதுவா இது?

பாலிமர்_பானு:
இல்லை. அது ஹீகர், மெக்டியார்மிட், ஷிரகாவா. பாலிஅசெட்டிலீனில் பிளாஸ்டிக் சங்கிலியே கடத்தும். இங்கே வேலை செய்வது கரி, பிளாஸ்டிக் அதைப் பிடித்துவைத்திருக்கிறது.

முரளி, உங்கள் ஃபிலிம் எந்தப் பாலிமர்? அடர்த்தி மிகுந்த பாலித்தீன் என்றால் 130 டிகிரி பக்கம்தான் உருகும். காலுக்கு அது அடங்குவதும் அடங்காததும் ஒன்றே. உருகுநிலையைத் தாண்டிப் போனால் இன்னொரு வம்பு: துகள்கள் மறுபடி கூடி, மின்தடை சரிந்து, கரண்ட் ஏறும். இதைத் தடுக்கத்தான் எலெக்ட்ரான் கற்றையிலோ பெராக்சைடிலோ பிளாஸ்டிக் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும் குறுக்குப் பிணைப்பு செய்கிறோம்.

மயூர்விஹார்_முரளி:
ஈவிஏ (எத்திலீன் வினைல் அசிடேட்) என்றார்கள். நேற்று ரஜாயை நாலாக மடித்து மேலே போட்டு வைத்தேன். நாற்பது நிமிடத்தில் மீட்டர் 80 ஓமைத் தாண்டியது, அதாவது 7 வாட்தான் இழுக்கிறது. ரஜாயில் ஒரு கறை இல்லை. அடியில் 58 டிகிரியில் நின்றுவிட்டது. நான் சொன்னது நிரூபணம் ஆயிற்றா?

ஆர்கேபுரம்_ராஜி:
நர்ஸாக இருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?

மயூர்விஹார்_முரளி:
15 வருடமாக. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் குறைவு.

ஆர்கேபுரம்_ராஜி:
அப்படியானால் உங்கள் சோதனை ரஜாய்க்குத்தான், அம்மாவுக்கு இல்லை. 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் அளந்தார்கள்: தோல் 44 டிகிரியில் ஆறு மணி நேரம் இருந்தாலே வெந்துவிடும். அதற்கு மேல் 51 வரை ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். 58 என்றால் நிமிடக் கணக்கே வேண்டாம். நமக்கு என்றால் காலை இழுத்துக்கொள்வோம். அவருக்குச் சுடுவது தெரியாது. காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். சர்க்கரைக்காரருக்கு அந்தக் கொப்புளம் எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய_ஒயர்மேன்:
முதல் பதிவிலேயே தெர்மோஸ்டாட் வேண்டும் என்றேன்.

பாலிமர்_பானு:
முதல் பதிவில் நீங்கள் ஈஎல்சிபி என்றீர்கள் சார். ஆனாலும் ராஜி சொல்வது சரி. எதிலும் மூடாத பாய் 35இல் நிற்கலாம். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் அது தன் உச்சத்துக்கே போகும். ஆக அந்த உச்சத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வினைல் அசிடேட் அதிகம் உள்ள ஈவிஏ இன்னும் கீழே உருகும், ஆனால் படிகம் குறைவதால் மின்தடையின் ஏற்றம் மழுங்கிவிடும். 42இல் கத்தி வெட்டினாற்போல் நிற்கும் ஃபிலிமை எனக்குச் செய்யத் தெரியாது. ஃபிலிம் ரஜாயைக் காக்கட்டும். காலைக் காக்க, கால் படும் இடத்தில் ஒரு தெர்மிஸ்டர் (சூட்டை உணரும் சென்ஸர்), 40 தொட்டால் சப்ளையை அறுக்கும்படி.

மயூர்விஹார்_முரளி:
சரி, என் கட்சி பாதி தோற்றது. தெர்மிஸ்டர் வைக்கிறேன், 12 வோல்ட்டுக்கு இறக்குகிறேன். படுக்கும் முன் அரைமணி சூடேற்றிவிட்டு, அம்மா வந்ததும் அணைக்கிறேன்.

பழைய_ஒயர்மேன்:
அதே பாயை 12இல் போட்டால் வாட் கால்வாசிக்குப் பக்கம் போகும், தரை குளிர் போகாது. 24லேயே வைத்து, சென்ஸரை நம்புங்கள். நல்ல சப்ளை வேண்டுமானால் சனிக்கிழமை பகீரத் பேலஸ் வாருங்கள், நான் பார்த்து வாங்கித் தருகிறேன். ஞாயிறு கடை இருக்காது. இன்னொரு விஷயம்: வெள்ளிப் பட்டையை மடிக்கவே கூடாது. மை விரிசல் விட்டால் அத்தனை கரண்டும் அந்த ஒரு கீற்றில் நெருக்கியடித்துப் போகும், அங்கே உங்கள் கார்பன் வித்தை எதுவும் செல்லாது. சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

மயூர்விஹார்_முரளி:
சோதனை முடிந்து நான் ஆபீஸ் போன நேரத்தில், அம்மா அதை வேட்டி மாதிரி எட்டாக மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.