டெரிஃபிக் என்றால் பயமா, பாராட்டா?

கேள்வி – நெல்லிமரம்
மகளின் கட்டுரை நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் "டெரிஃபிக்!" என்று எழுதி நட்சத்திரமும் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் அட்டை கிழிந்த பழைய ஆங்கில–தமிழ் அகராதி ஒன்று உண்டு, அதைப் புரட்டிப் பார்த்த அப்பா, "பயங்கரமான, அச்சமூட்டுகிறன்னு போட்டிருக்கே, பிள்ளை என்ன தப்பு பண்ணினா?" என்று கவலையோடு கேட்கிறார். போனில் தேடினால் 'அருமையான' என்று வருகிறது. இரண்டும் ஒரே சொல்தானா?

கடற்காகம்
ஒரே சொல்தான், அப்பா பார்த்த பொருள்தான் மூத்தது. லத்தீனில் 'டெர்ரேரே' என்றால் பயமுறுத்துவது, 'ஃபாகெரே' என்றால் செய்வது. இரண்டும் சேர்ந்து வந்த 'டெர்ரிஃபிகுஸ்' என்பதற்கு அச்சத்தை உண்டாக்குவது என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதேதான். ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் ஏழாம் காண்டத்தில் பாம்புக்கு வெண்கலக் கண்ணும் மயிர் அடர்ந்த பிடரியும் கொடுத்து, அந்தப் பிடரியைத்தான் டெரிஃபிக் என்கிறார். அப்புறம் வேகம், சத்தம், வெயில் என்று அளவுக்கு மிஞ்சிய எல்லாவற்றுக்கும் சொல்லப் பழகி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நல்லதற்கும் வந்துவிட்டது.

பனையோலை
அகராதியில் இருக்கும் 'பயங்கரம்' என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். பயம், கர. வடமொழியில் 'கர' என்றால் செய்வது, ஆக லத்தீன்காரர்கள் சொல்லைக் கட்டிய அதே விதம்! நாமும் இப்போது "பிரியாணி பயங்கர டேஸ்ட்", "பயங்கரமா சிரிச்சோம்" என்றுதானே பேசுகிறோம், அதைக் கேட்டு யாரும் நடுங்குவதில்லை. இதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

கடற்காகம்
அருமை, இது எனக்குத் தோன்றவே இல்லை. இதே வேரில் வந்த 'டெரிபிள்' மட்டும் கெட்ட பக்கமே நின்றுவிட்டது. 'ஆஃபுல்', 'ஆசம்' இரண்டும்கூட பிரமிப்பு கலந்த அச்சத்தைக் குறிக்கும் ஒரே சொல்லிலிருந்து வந்தவைதான், ஒன்று வசவாகிவிட்டது, இன்னொன்று பாராட்டாகிவிட்டது.

நெல்லிமரம்
ரொம்ப நன்றி. பிரியாணி உதாரணம் சொன்னதும் அப்பாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, நோட்டை வாங்கி முழுக் கட்டுரையையும் படித்தார். மகள் இப்போது கேட்கிறாள், டெரியர் நாய்க்கும் இதே வேரா?

கடற்காகம்
இல்லை, அது 'டெர்ரா', மண். வளைக்குள் புகுந்து நரியைக் கிளப்புகிற நாய் என்பதால் அந்தப் பெயர்.